டெம்போவின் பின்னால் இருந்த பெயர்

சயான் பஸ் ஸ்டாப் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவரும் காலேஜ் படிக்கும் அவர் மகளும் நின்றார்கள். பெரியவரின் சாயம் ஏறிய கையைப் பார்த்ததுமே தோல் பட்டறைக்காரர் என்று கண்டுபிடித்துவிட்டேன். வெறுங்கையோடு தாராவிக்கு வந்து சொந்தப் பட்டறை போட்டவன் நான், எனக்குத் தெரியாதா?

“வாப்பா, நம்ம டெம்போ பின்னால இருக்க ‘ஹிட்லர் பாய்’ங்கிற பேரை அழிச்சிருங்க.”

“ஏன் புள்ள? நான் கறாரான ஆளுன்னு பட்டறைப் பயலுவ ஆசையா வச்ச பேருல்லா.”

“நேத்து காலேஜ்ல ஹிட்லரைப் பத்திப் படம் போட்டாங்க. யூதர்களாப் பொறந்த ஒரே காரணத்துக்காக லட்சம் லட்சமா கொன்னிருக்கான். கைக்குழந்தையைக்கூட விடல. ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.”

பஸ் வந்தது. மூன்று பேருமே ஏறவில்லை.

“ஒருத்தர்கூட அவங்கள ஒளிச்சு வைக்கலியா?”

“சில பேர் வச்சாங்க வாப்பா. மாட்டினா அவங்களுக்கும் சாவுதான்.”

“பம்பாய்க் கலவரத்தப்போ என்னையும் உங்க உம்மாவையும் எதுத்த வீட்டுப் பொன்னம்மாக்கா பரண்ல ஒளிச்சு வச்சா. கத்தியோட வந்தவனுவகிட்ட, ‘இங்க எவனும் வரல’ன்னு வாசல மறிச்சு நின்னா. அவ இல்லன்னா நீ ஏது?”

பெரியவர் போனை எடுத்தார். “ஏலே, பெயிண்டரைக் கூப்பிட்டு டெம்போல இருக்க என் பேரை அழிக்கச் சொல்லு. ‘பொன்னம்மாக்கா’ன்னு பெரிசா எழுதட்டும்.”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா வாப்பா?”

“கேட்டா வேண்டாம்னுருவா.”