புழுக்கமாக இருக்கிறதாம்

டீயில் சீனி வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்புதான். பரவாயில்லை சார், குடித்துக்கொள்கிறேன்.

காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்து ரிட்டயர்டு ஆனவள் நான். அந்தப் பிள்ளைகளைச் சிவகாசிப் பக்கம் இந்தப் பட்டாசுக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். மேனேஜர் முதலில் முகம் சுளித்தார். "அதுக தலை நிமிராம வேல செய்யும் சார், ஒரு தொந்தரவும் வராது, நான் கூடவே இருக்கேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றியதற்குத்தான் இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கையாலேயே ஒரு பெயர் வைப்பார்கள். என் கன்னத்தில் மரு இருக்கிறதல்லவா, கன்னத்தைத் தொட்டால் ஜெபராணி டீச்சர்.

பாண்டிமீனா கெட்டிக்காரி. சாத்தூர் ரோட்டில் கம்பெனிக்கு ஒரு கடை உண்டு, அங்கே வேலை பார்க்க ஆசைப்பட்டாள். எழுதிக் காட்டி வியாபாரம் பண்ணுவேன் என்றாள். "ஊமைய நிப்பாட்டுனா வர்ற கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிருவான்" என்றார் மேனேஜர். அதை அப்படியே சொன்னால் பிள்ளை மனசு உடைந்துவிடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார் என்று கையால் சொன்னேன். அவரைக் கும்பிட்டுவிட்டு வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போனாள். அரட்டை இருக்காது என்று அந்த அறைக்கு எப்போதும் என் பிள்ளைகளைத்தான் போடுவார்கள். சோலையம்மாளும் அங்கேதான். அவளுக்கும் காது கேட்காது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பாண்டிமீனா என்னிடம் ஓடி வந்தாள். சனிக்கிழமை கலந்த மருந்தின் மிச்சம் சாக்குக்கு அடியில் கிடக்கிறது, தொட்டால் சுடுகிறது, ஆளை வெளியேற்றச் சொல்லுங்கள் என்று கையால் சொன்னாள். போர்மேன் தங்கப்பாண்டியன் பக்கத்தில்தான் நின்றார். முரட்டு ஆள், ஆனால் மருந்து என்றால் பயப்படுவார்.

"என்ன டீச்சர், இந்தப் பிள்ள கையக் கைய ஆட்டுது?"

போன வாரம்தான் கையுறை கேட்டு ஒரு பஞ்சாயத்து நடந்திருந்தது. மறுபடியும் புகார் என்றால் மேனேஜர் என்ன நினைப்பார்? தீபாவளி சீசன் வேறு, லோடு ஏற்ற லாரி நின்றது.

"ஒண்ணுமில்ல தம்பி, உள்ள புழுக்கமா இருக்காம்."

"ஆத்தாடி, மகாராணிக்கு ஏசி வேணுமாக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லிவிட்டேன், இப்போதே எடுத்துவிடுவார்கள், நீ போ என்று அவளுக்குக் காட்டினேன். நம்பிப் போனாள்.

டீ நேரத்துக்கு முன்னால் அறை வெடித்தது. சோலையம்மாளை முழுசாக எடுக்க முடியவில்லை. வாசலோரம் இருந்ததால் பாண்டிமீனா பிழைத்தாள். இரண்டு கையும் வெந்துவிட்டன, பேனா பிடிக்கவும் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு முன்பிருந்த அதிகாரி விசாரித்தார். கட்டுப்போட்ட கையை அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். டீச்சரிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பக் காட்டினாள்.

"கை தவறிச் சட்டியப் போட்டுட்டேன்னு சொல்லுதா சார். மன்னிப்புக் கேக்கா" என்றேன்.

கேஸ் அவள்மேல் விழுந்தது. சோலையம்மாள் மகன் அவள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ஜெபத்தில் முதலில் அவள் பெயரைத்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லிக் கம்பெனியை மூடினால் மற்றப் பிள்ளைகளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நீங்கள் கொடுப்பீர்களா?

இப்போது அவள் கைக்கட்டைப் பிரித்ததும், மதுரையிலிருந்து சைகை தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னது உண்மை. மாற்றிச் சொன்னது நான். போர்மேனிடமும் நான்தான், அதிகாரியிடமும் நான்தான்.

நேற்று வராந்தாவில் என் பெயரைக் காட்டும்போது பாண்டிமீனா கன்னத்தைத் தொடவில்லை. உள்ளங்கையால் தன் வாயை இறுக்கி மூடிக் காட்டினாள். கூட இருந்த பிள்ளைகளும் அப்படியே காட்டினார்கள். அதற்கு அந்த மதுரைப் பெண் என்ன அர்த்தம் சொன்னாளோ, நம்பாதீர்கள். நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும்? பிள்ளைக்கு இன்னும் வலி இருக்கிறது, அவ்வளவுதான்.

நாளைக்கு அவளை விசாரிக்கும்போது என்னையும் கூப்பிடுங்கள் சார். என்னை விட்டால் அந்தப் பிள்ளை சொல்வதை உங்களுக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்?