நாற்பது விநாடியில் ஓடியவன் பேசுகிறேன்

அவைக்கு அழகு சேர்த்து, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்து எனக்கு அச்சமும் சேர்க்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே. முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே. பிள்ளையை மடியிலும் பதற்றத்தை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே. வாசலை ஒட்டியே நின்றுகொள்கிறோம் என்று உள்ளே வர மறுக்கும் தோழர்களே. உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். மின்விசிறி ஆடுகிறது என்கிறார். அது காற்றுக்கு ஆடுகிறது ஐயா, அமருங்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன். நிலநடுக்கம் வந்து போன இந்தப் பதினெட்டு நாளாக நானும் அண்ணாந்து பார்த்தே நடக்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, அது அசைகிறதா அசைகிறதா என்று பார்த்து, சோற்றை ஆறவிடுகிறேன்.

ஏன் ஆடியது இந்த மண்? நாம் நிற்கும் நிலம் ஒரே பாறை அன்று. பல பெரும் பாளங்கள். நம் விரல் நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றன. நகரும் இடத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கினாலும் தள்ளுவது நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அடக்கி அடக்கி வைத்த அழுத்தம், ஒரு நாள், ஒரு நொடியில் வழுக்கிவிடுகிறது. அந்த அதிர்வே நம் சுவரை அசைக்கிறது, மலைச்சரிவைச் சரிக்கிறது, சில வேளை கடலையே கரைமேல் ஏற்றுகிறது. என்றைக்கு வரும் என்று நாள் குறித்துச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை.

அது வந்த நாளில் நான் எங்கே இருந்தேன்? இருபத்தாறு ஆண்டுகளாக மேடைதோறும் வீரம் பேசியவன் நான். அன்று காலை மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், டயாலிசிஸ் பிரிவில், என் மனைவியின் கட்டிலருகே அமர்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். வாரம் மூன்று நாள் அவருக்கு அங்கே இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இடக்கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக இரத்தம் இயந்திரத்துக்குள் போகிறது. மற்றொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. ஆறு கட்டில், ஆறு இயந்திரம், ஆறு பேர். எழுந்து ஓட முடியாத ஆறு பேர்.

மணி பத்து இருபது. முதலில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பிறகு தரை இழுத்தது. விளக்கு அணைந்தது.

எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல், நர்ஸ் சொன்னார்: "யாரும் ஊசியைத் தொடாதீங்க. தலையணையை எடுத்துத் தலைமேல வைங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் இருந்தார். நான் இல்லை.

ஆம், அவையோரே. ஓடினேன். கட்டிய மனைவியைக் கட்டிலில் விட்டு ஓடினேன். படியில் இருமுறை விழுந்து, எழுந்து, வாசலைத் தாண்டிய கணத்தில் மாடி ஜன்னல்களின் கண்ணாடி மழையாகப் பொழிந்தது. காவலாளி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்திராவிட்டால் இந்த ஒலிபெருக்கிக்கு இன்று வேறு ஆள் பார்த்திருப்பார்கள். காதருகே ஒன்பது தையல். மாடியிலேயே இருந்த ஆறு பேரில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நாற்பது விநாடிதான் ஆடியது. நான் மேலே ஏறப் பத்து நிமிடம் ஆனது. கால் வரவில்லை, அதைவிட, முகம் வரவில்லை. உள்ளே போனபோது மின்சாரம் இல்லாத இயந்திரத்தை நர்ஸ் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். குழாயில் நின்ற இரத்தம் மனைவியின் உடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நர்ஸ் டார்ச் விளக்கைக் கையில் கொடுத்து, குழாயின் மேல் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

தலையணைக்கு அடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஆட்டாம பிடிங்க. நிலநடுக்கம் நின்னு ரொம்ப நேரமாச்சு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

வீடு வந்தோம். பின்னதிர்வு வரும்போதெல்லாம் நான் துள்ளி எழுவேன். மனைவி என்னைப் பார்ப்பார். ஐந்தாம் நாள் நானே கேட்டேன், என்மேல் கோபமா என்று.

"கோபம் இல்லைங்க," என்றார். "நீங்க எழுந்தப்ப நாற்காலி விழுந்துச்சு. அந்தச் சத்தம்தான் காதை விட்டுப் போகமாட்டேங்குது."

தாய்மார்களே, தண்டனை என்றால் இதைவிடவா?

அடுத்த முறை போனபோது நர்ஸிடம் கேட்டேன், உங்களுக்கு மட்டும் எப்படியம்மா இவ்வளவு துணிச்சல் என்று. அவர் கட்டில் விரிப்பை மாற்றியபடியே சொன்னார்: "எனக்கும் ஓடணும்னுதான் சார் இருந்துச்சு. மாசாமாசம் பயிற்சி செஞ்சு செஞ்சு, கை தானா அந்த வேலைக்குப் போயிடுச்சு."

அந்த மாதப் பயிற்சியை நானும் பார்த்தவன்தான். நோயாளிகள் தலையணையைத் தலையில் வைத்துக் காத்திருப்பார்கள். நாடக ஒத்திகையா சிஸ்டர் என்று கேலி பேசி, நான் மட்டும் செய்தித்தாள் படித்திருக்கிறேன். பயம் எல்லோருக்கும் வந்தது, அவையோரே. பயந்தபோது என்ன செய்வது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. என் காலுக்கு ஓட மட்டுமே தெரிந்திருந்தது.

ஆகவே கேட்கிறேன். உங்கள் அலமாரி சுவரோடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கிறதா? படுக்கைக்கு மேலே கனமான படம் தொங்குகிறதா? மாத்திரையும் தண்ணீரும் டார்ச்சும் ஒரே பையில் இருக்கின்றனவா? அதிர்வு நின்றதும் கேஸை மூடுவது யார்? லிப்டில் ஏறாதே என்று பிள்ளைக்குச் சொன்னீர்களா? வெளியில் நின்றால் சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகுங்கள். உள்ளே இருந்தால் ஓடாதீர்கள். குனியுங்கள், மேசைக்கு அடியில் புகுங்கள், அதன் காலைப் பிடியுங்கள். கடற்கரையில் இருந்தால், அதிர்வு அடங்கியதும் மேட்டுக்குப் போங்கள், எவர் அறிவிப்புக்கும் காத்திராமல்.

கேட்டால் போதுமா? நானும் இருபத்தாறு ஆண்டு கேட்டவன், பேசியவன். இப்போதே செய்வோம். கீழே உங்கள் பக்கம் மேசை இல்லை. இருந்த இடத்திலேயே குனிந்து, இரு கையாலும் தலையையும் கழுத்தையும் மூடுங்கள். வாசல் தோழர்களே, நீங்களும் உள்ளே வந்து. மூன்றாம் வரிசையில் என் மனைவி எல்லோருக்கும் முன்பே குனிந்துவிட்டார், ஊசி போடும் கையை மட்டும் பத்திரமாக மடித்து. தலைவரே, மேடையில் இருப்பது ஒரே மேசை. கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்கள், நானும் வருகிறேன்.

நாற்பது வரை எண்ணுவோம். அதற்கு முன், உங்கள் யார் முகமும் தெரியாத இந்த மேசையடியிலிருந்தே, பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். வணக்கம். ஒன்று... இரண்டு...