ஒரே வருசத்து நாற்காலிகள்

எழுபதுகளில் ஒருநாள் தருமபுரி பஸ் நிலையத்தில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து இரும்புக்குழாய் நாற்காலிகளைப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் விற்க நின்றிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

“அஞ்சும் ஒரே வருசத்துதுங்கக்கா.”

“அதெப்படிங்க? பெங்களூருல வேல செய்யற எங்க வூட்டுக்காரரு, கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸு ஒண்ணொண்ணா வாங்கி அனுப்புனதுங்க.”

“அடியில பாருங்க, எல்லாத்துலயும் ஒரே வெல்டிங்கு. அஞ்சும் பலகை போட்டது; ரெண்டு மூணு வருசமா வர்றதெல்லாம் ஒயர் பின்னுனது. இது ஆறு நாற்காலி செட்டுங்க. தனியா விக்கவே மாட்டாங்க.”

அவள் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

“அங்கயே வூடு புடிச்சு என்னையக் கூட்டிக்கிறேன்னு மொத வருசம் சொன்னாருங்க. அதுக்குத்தான் வாங்கியிருக்காரு. வூடு அமையலன்னு வருசத்துக்கு ஒண்ணா அனுப்பிட்டாரு.” பிறகு கேட்டாள்: “ஆறாவது?”

“அவருகிட்டதான் இருக்கோணும்.”

அவள் நாற்காலிகளை மறுபடி அடுக்கிக் கயிற்றால் கட்டினாள். “விக்கலீங்க. பெங்களூர் பஸ்ஸு எங்க நிக்கும்?”

“வூடே இல்லாம இதையெல்லாம் எங்கக்கா போடுவீங்க?”

“அவரு அங்க ஒத்த நாற்காலியில உக்காந்திருக்காருங்க” என்றாள்.