பழம் தானாத் தெறந்துச்சா

என் கிளாஸுக்குப் பிள்ளைங்க எப்பவும் பசியோடதான் வருவாங்க, இன்ஸ்பெக்டர். அது நான் வெச்ச பழக்கம். ஒரு நாவலப் படிச்சு முடிச்சா, அதுல வர்ற சாப்பாட்டச் சமைச்சுக் கொண்டாந்து எல்லாரும் சேந்து சாப்பிடுவோம். நைஜீரியா நாவலுக்குக் கிழங்கு இடிச்சோம். ஜப்பான் நாவலுக்கு வெறுஞ்சோறும் ஊறுகாயும். தமிழ்நாட்டு நாவல் ஒண்ணு படிச்சப்போ புளி கரைச்சு ஊத்தி ஒரு குழம்பு வெச்சேன். ஓரேன்னு பேரு, ஒரு பையன், நம்ம ஜமைக்கா மொளகாயப் பச்சையாக் கடிக்கிறவன், அவனே மூக்க உறிஞ்சிட்டு, "இவங்க நாவல்ல எல்லாரும் எதுக்கு இப்படி அழறாங்கன்னு இப்பத்தான் புரியுது மிஸ்"ன்னான்.

பாடத்தோட பேரு மேற்கு அல்லாத நாவல்கள். இந்த மலைக் காலேஜ்ல அத ஆரம்பிச்சதே நான்தான். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. டாக்டர் பட்டம் கிடையாது எனக்கு. படிக்கத் தெரியும்.

கடைசி நாவல் எப்பவும் நம்ம ஜமைக்கா நாவல்தான். அதுல ஒரு அம்மா ஆக்கிப் பழ மரத்தடியில நிப்பா. பிள்ளைங்க பசியில அழும். பழம் செவந்து தொங்கும், ஆனா தெறக்காது. அவ பறிக்க மாட்டா. பதினோரு பக்கத்துக்கு இதேதான். அந்தப் பக்கத்தையெல்லாம் பிள்ளைங்கள எந்திரிச்சு நிக்க வெச்சுச் சத்தமாப் படிக்கச் சொல்லுவேன். பாதியில எவனாவது கொட்டாவி விட்டா, "பழத்துக்கு முன்னாடி நீ விடாதடா"ம்பேன்.

ஆக்கியப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இது பதிவாகுது, நாளைக்குக் கேக்கப்போற ஜட்ஜு எந்த ஊரோ. பழம் மரத்துலயே தானா வாயத் தெறக்கணும். கொட்டாவி விடுதுன்னு சொல்லுவோம். அதுக்கு முந்திப் பறிச்சா வெஷம். சமைச்சுட்டா ரெண்டோட சதையும் ஒரே மஞ்சள்தான், பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் சொந்த அக்கா வீட்டுலயே தட்ட வாங்கினாலும், "தானாத் தெறந்துச்சா?"ன்னு கேப்போம். சமைச்சவங்க "கொட்டாவி விட்டுச்சு"ன்னு சொல்லுவாங்க. அப்புறம்தான் வாயில வெப்போம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஜெபம் மாதிரி அது.

டாக்டர் பின்னாக் இந்த வருஷம்தான் துறைத் தலைவரா வந்தார். அப்பா அம்மா நம்மூருதான், அவர் பொறந்து வளந்தது இங்கிலாந்துல, பர்மிங்காம்ல. நல்ல மனுஷன், அத மறைக்கல. கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுட்டு மேசையெல்லாம் தேடுவார். மொத நாளே என் கிளாஸுக்குள்ள வந்து, "மேற்கு அல்லாத நாவல்னு பேரு வெச்சிருக்கீங்க. நாமளே மேற்கிந்தியத் தீவுதானே மிஸ் வெர்லின்? மேப்பப் பாத்தீங்களா?"ன்னு கேட்டார். பிள்ளைங்க சிரிச்சாங்க.

"மேப்ப வரைஞ்சவன் எங்க நின்னுக்கிட்டு வரைஞ்சான்னு கேளுங்க டாக்டர்"னேன்.

அதுக்கு யாரும் சிரிக்கல.

அப்புறம் முழு நாவல் வேணாம்னார். பிள்ளைங்களுக்கு நேரமில்லையாம். ஒவ்வொரு நாவல்லயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நகல் போட்டு ஒரே கட்டாக் கட்டிக் குடுத்தார். நான் பொரட்டிப் பாத்தேன். அந்தப் பதினோரு பக்கம் இல்ல.

"அதுல ஒண்ணுமே நடக்கலையே மிஸ் வெர்லின். ஒரு பொம்பள மரத்தப் பாத்துட்டு நிக்கறா."

"அதுதான் டாக்டர் நடக்குது."

"சரி, அந்தப் பொம்பளைக்குப் பொறுமை இருந்துச்சு. எனக்கு இல்லன்னு வெச்சுக்கோங்க"ன்னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டேதான் மிச்சத்தையும் சொன்னார். அடுத்த வருஷம் இந்தப் பாடத்த அவரே எடுத்துக்கறாராம். நான் ஹோட்டல் படிப்புப் பிள்ளைங்களுக்கு லெட்டர் எழுதச் சொல்லிக் குடுக்கணுமாம். "உங்க வயசுக்கு லேசா இருக்கும்"னார்.

இதுக்காகவான்னு கேக்கறீங்க. இல்ல. பாடத்தப் பிடுங்கினதுக்காக யாரும் யாரையும் எதுவும் செய்ய மாட்டாங்க, நான் என்ன ரவுடியா. என் கவலையெல்லாம் பிள்ளைங்க. படிக்கத் தெரியாத ஒருத்தர் படிக்கச் சொல்லிக் குடுத்தா, ஒரு தலைமுறையே அரைகுறையாப் போயிடும். அதனால ஒரு பரீட்சை வெச்சேன். ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியையும் அவரேதான் கேக்கணும். அவர் வெட்டி எறிஞ்ச பக்கத்துல இருக்குற கேள்வி. கேட்டா பாஸ். தட்ட அங்கேயே திருப்பி வாங்கிருப்பேன், இது சத்தியம்.

கடைசி கிளாஸுக்கு ஆக்கியும் கருவாடும் சமைச்சேன். கூட சுட்ட சீமைப்பலா. பெரிய சட்டியில இருந்தது சந்தையில வாங்கின நல்ல பழம். பிள்ளைங்க விஷயத்துல நான் எப்பவும் ஜாக்கிரதை. டாக்டருக்கு மட்டும் என் வீட்டு மரத்துப் பழம். அது வாய மூடிட்டுத்தான் இருந்துச்சு. கத்தியாலதான் தெறந்தேன். அவருக்குச் சர்க்கரை இருக்குன்னும் மாத்திரை போடறார்னும் தெரியும். இந்தப் பழம் சர்க்கரையப் பாதாளத்துக்கு இறக்கும்னும் தெரியும். நம்மூர்ல யாருக்குத் தெரியாது?

தட்ட அவர் முன்னாடி வெச்சேன். அயோனி இருக்காளே, கிளாஸ்லயே நல்லாப் படிக்கற பொண்ணு, அவ முள்ளுக்கரண்டிய நீட்டிட்டு வந்தா. "டாக்டருக்கு மட்டும் தனித்தட்டா மிஸ்? நாங்க மட்டும் சட்டி சொரண்டணுமா?"ன்னா.

கையத் தட்டி விட்டேன். கரண்டி தரையில விழுந்துச்சு. "பெரியவங்க தட்டுல கை வெக்கற பழக்கம் எங்கருந்துடி வந்துச்சு?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் என்னையே பாத்தா. நல்லாப் படிக்கற பொண்ணுன்னு சொன்னேன் இல்ல.

டாக்டர் ரசிச்சுத்தான் சாப்பிட்டார். "இத விட்டுட்டு இத்தன வருஷம் டப்பா ஆக்கியத் தின்னுட்டிருந்தேனே"ன்னார். தட்ட வழிச்சார். சாயங்காலம் வாந்தி ஆரம்பிச்சுதுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளியவே இல்லையாம். மறுநாள் நான் காலேஜுக்குப் போய், பிள்ளைங்கள வரச் சொல்லி அந்தப் பதினோரு பக்கத்தப் படிக்க வெச்சேன். பிள்ளைங்க அழுதாங்க. நல்லா வாசிச்சாங்க.

நான் ஓடல, ஒளியல. கதவத் தட்டினப்போ உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டேன். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். அவர் கேக்கல, அதனால செத்தார். வாசிக்கத் தெரியாதது அவர் குத்தம்.

இப்போ அயோனி வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்கான்னு சொல்றீங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்லாது. நான் வளத்த பொண்ணு.

சரி. கேட்டார்.

தட்டக் கையில வாங்கினார். கண்ணாடிய நெத்திக்கு ஏத்தினார். "கேக்காம வாயில வெக்காதடான்னு எங்கம்மா அடிச்சு வளத்திருக்காங்க"ன்னு சிரிச்சார். அப்புறம், "தானாத் தெறந்துச்சா, மிஸ் வெர்லின்?"னார். நம்மூருப் பேச்சுலதான் கேட்டார். சுத்தமாத்தான் கேட்டார்.

கொட்டாவி விட்டுச்சுன்னு சொன்னேன்.

அவங்கம்மா சொல்லிக் குடுத்த மனப்பாடம் அது, இன்ஸ்பெக்டர். புத்தகத்தப் படிச்சுப் புரிஞ்சு கேட்ட கேள்வி இல்ல. மனப்பாடத்துக்கு நான் மார்க் போடறதில்ல.