பன்னிரண்டு நோட்டுகள்

என் பெயர் வேலம்மா. வயது 52. கணவர் வடிவேலு காலமாகிவிட்டார். கோட்டூர்புரம் ஆற்றோரம் குடியிருந்த எங்களை நாலு வருடத்துக்கு முன் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மாற்றுக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அடையாறில் வீட்டு வேலைக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறேன்.

எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு பேர் இன்னமும் பழைய ஏரியா சுகாதார நிலையத்தில்தான் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறார்கள். புது இடத்தில் மருந்து நோட்டு போட ஆளே நேரில் வர வேண்டுமாம். லிப்ட் ஓடாத கட்டடத்தில் முட்டி தேய்ந்தவர்கள் எப்படி இறங்குவார்கள்? ஆகவே மாதத்தின் இரண்டாம் வியாழனுக்கு முன் நோட்டையும் காலி மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக் கதவுக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். நான் காலையில் எடுத்துப்போய், மாத்திரையோடு சாயங்காலம் அதே கம்பியில் மாட்டுவேன். அலுப்பில் யார் கதவையும் தட்டியதில்லை.

மேற்படி பன்னிரண்டு பேரில் ஒருவரான தணிகாசலம், வயது 68, ஏழாம் மாடியில் தனியாக இருந்தார். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவர் பை நோட்டும் காலி அட்டைகளுமாகச் சரியாகத் தொங்கியது. சுகாதார நிலையத்தில் ஜொவிட்டா சிஸ்டர் இரண்டு தடவையும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். "நல்லாத்தான் கீறாரு சிஸ்டர்" என்றேன். சிஸ்டரும் ஆளைப் பார்க்காமலே அவர் நோட்டில் பிரஷர் 130/80 என்று எழுதிக்கொண்டார்.

அதன் பின், சாக்கடைக் குழாயைச் சரிசெய்தும் ஏழாம் மாடியில் அடித்த நாற்றம் போகாததால் கடந்த திங்கட்கிழமை போலீசார் வந்து அவர் கதவை உடைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அவர் மே மாதமே இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னதாக உதவி ஆய்வாளர் ஐயா தெரிவித்தார். செத்த மனிதரை இரண்டு தடவை நல்லா இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மாத்திரைகளை யார் தின்றார்கள், பையைத் திரும்ப யார் மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்யவில்லை.

பின்பு நேற்று மாலை மீதிப் பதினோரு கதவுகளையும் தட்டினேன். ஒன்பது திறந்தன. இந்நேரத்தில் என்ன என்று இரண்டு பேர் எரிந்து விழுந்தார்கள். அந்தத் திட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்தாம் மாடி கரீமுல்லா பாய் வீடும், எட்டாம் மாடி ஈவ்லின் டீச்சர் வீடும் வெகுநேரம் தட்டியும் திறக்கவில்லை. நாளை மருந்து நாள். இரண்டு கதவிலும் பை தொங்குகிறது. நோட்டும் காலி அட்டைகளும் உள்ளே சரியாக இருக்கின்றன. ஐயா ஆளனுப்பித் திறந்து பார்க்கும்வரை அந்தப் பைகளை நான் தொடமாட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்) வேலம்மா
என் முன்னிலையில்: மதிவாணன், உதவி ஆய்வாளர்