தொழிற்சாலை கொடுத்த பிரேக்

டிரம் பிரேக் என்றால் இந்தக் காலத்தவர்களுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று எனக்குப் புரிவதே இல்லை. மிக எளிய பொருள் அது. ஓர் இரும்புச் சட்டியைச் சக்கரத்தோடு சேர்த்துச் சுழல விடுங்கள். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள். பெடலை மிதித்தால் கட்டைகள் விரிந்து சட்டியின் உட்சுவரை அழுத்தும், சக்கரம் நிற்கும். ஒரு பாகத்தைக் கையில் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதை விளக்கிவிடுவேன்.

நீங்கள் கேட்டது மார்க் எப்படி இறந்தான் என்று, இன்ஸ்பெக்டர். அங்கேதான் வருகிறேன். பிரேக் புரியாமல் அது புரியாது.

மார்க்கிடம் இருந்தது 1959-இல் செய்த சின்ன ஆங்கிலேயக் கார். அதில்தான் தினமும் கடல் பாலம் கடந்து பத்து காவான் என்ற ஊருக்கு வேலைக்குப் போவான். ஒரு நாள் ஜெலுத்தோங்கில் என் வீட்டுப் பின்கட்டுப் பட்டறைக்கு வந்து, "அண்ணே, முன்னால போற லோரி டப்புனு நிக்குது. என் பிரேக்கு மீட்டிங் போட்டுத்தான் முடிவெடுக்குதுலா" என்றான். அடுத்த மாதம் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டுக்கொண்டான். கூடவே ஒரு சர்வோ, அதாவது மிதிக்கிற காலுக்கு உதவி செய்கிற கருவி. கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியோடு என்னிடம் தந்து, "வெச்சுக்குங்கண்ணே, இதெல்லாம் உங்களுக்குத்தான் பிடிக்கும்" என்றான். நல்ல பிள்ளை.

வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தார்கள். டிஸ்க், அதாவது இருபுறமும் ஒரு பிடி கவ்வி நிறுத்தும் தட்டு, நல்ல பொருள்தான், நான் மறுக்கவில்லை. சூடானால் தட்டு தடிக்கும், அதாவது பிடியை நோக்கி வரும். சட்டி அப்படியல்ல. சூடானால் விரியும், கட்டையை விட்டு விலகும். நீண்ட இறக்கத்தில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவது அதனால்தான். பழைய ஓட்டுநர்களுக்கு இது தெரியும். இறக்கம் தொடங்கும்போதே இரண்டாவது கியருக்கு இறங்கி, காரைப் பிடித்து நிறுத்தும் வேலையை இன்ஜினிடம் விட்டுவிடுவார்கள். டிஸ்க் போட்டவர்கள் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். மார்க் இரண்டே மாதத்தில் மறந்தான். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று முறை பார்த்தேன். இறக்கம் முழுக்க நாலாவது கியர், கால் பிரேக்கின் மேலேயே.

எங்கள் பழைய கார் சங்கத்தில் பதினான்கு வருடம் நான்தான் நடுவர். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவேன். பிரேக்குக்கு இருபது. மார்க்குக்கு நான் போட்டது பூஜ்யம். விதி அப்படி, நான் என்ன செய்ய. ஆண்டுக் கூட்டத்தில் அவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்: பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றங்களுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. நான் பலகையில் படம் வரைந்து நாற்பது நிமிடம் விளக்கினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள் என்றே நினைக்கிறேன். முடித்ததும் மார்க் எழுந்தான்.

"அண்ணே, உங்க காரு டிரெய்லர்ல ஏறி வருது, டிரெய்லர்ல ஏறிப் போகுது. ஓடாத காருக்கு பிரேக் எதுக்குலா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீர்மானத்தை எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. இனி மார்க்கே நடுவராக இருக்கட்டும் என்று அங்கேயே முடிவும் செய்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜூனில் சங்கத்தோடு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் சாப்பிடப் போவது எங்கள் வழக்கம். அதற்கு மூன்று நாள் முன்பு, கார்புரேட்டரைச் சரிபார்க்கச் சொல்லிக் காரை என்னிடம் விட்டுப் போனான். சரிபார்த்தேன். நேரம் மிச்சம் இருந்தது, அவன் தந்த பழைய பாகப் பெட்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலை கொடுத்த டிரம்மையே திரும்ப மாட்டினேன். புதுக் கட்டைகள், புது எண்ணெய், இடைவெளி புத்தகத்தில் சொன்னபடி. உங்கள் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்களே, ஒரு குறை கிடைத்ததா? நான் எதையும் அறுக்கவில்லை, தளர்த்தவில்லை. இது குற்றம் என்றால் 1959-இல் அந்தக் காரைச் செய்தவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

சர்வோவை மட்டும் ஏன் விட்டுவைத்தேன் என்று கேட்டீர்கள். இத்தனை நாளில் யாரும் கேட்காத நல்ல கேள்வி. அது இல்லையென்றால் பெடல் கல்லாக இருக்கும். முதல் சிக்னலிலேயே அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும், நம் சந்தோஷப் பயணம் கெட்டுப்போயிருக்கும். அசல் அல்லாத பாகம்தான். ஐந்து மதிப்பெண் குறையும். என் வேலையில் அது ஒன்றுதான் களங்கம்.

அவனிடம் சொன்னேனா? அவன் கேட்கவில்லை. "கார்புரேட்டர் ஓகேவாண்ணே?" என்று மட்டும் கேட்டான். "ஓகே" என்றேன். அது உண்மையிலேயே ஓகே.

காலை எட்டு மணிக்குப் பதினோரு கார்கள் வரிசையாகக் கிளம்பின. நான் என் மகள் சாண்ட்ராவின் புதுக் காரில், மார்க்குக்கு நேர் பின்னால் இருந்தேன். மலை உச்சியைத் தாண்டியதும் அவன் கால் பிரேக்கில் விழுந்தது. பிறகு எழவேயில்லை. ஐந்தாவது வளைவில் கருகிய வாடை வந்தது. "பப்பா, மார்க் அங்கிளுக்கு போன் போடவா?" என்றாள் சாண்ட்ரா. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று சொன்னேன். ஏழாவது வளைவில் அவன் திரும்பவில்லை. பின்னாலிருந்த பிரேக் விளக்கு மட்டும் கடைசி வரை ஒழுங்காக எரிந்தது.

என்னை ஈவு இரக்கம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். கிளம்பும் முன் நடந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கின் மனைவி ஜோவான் அவன் காரில் ஏறக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஜோவான், வெயிலு ஏறுது. எங்களோட வாம்மா, ஏசி இருக்கு" என்றேன்.

"பரவால்லண்ணே, அவரு தனியா போகணுமே" என்றாள்.

நான் விடவில்லை. அவள் கைப்பையை நானே வாங்கி எங்கள் பின்சீட்டில் வைத்தேன். வழி முழுக்க அவள் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். நீங்களே சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். மனதில் கெட்ட எண்ணம் இருப்பவன் அவளை எதற்குத் தடுக்கப் போகிறான்?