என்ர நீர்மூழ்கி

நிலாவெளி பஸ்ஸில் ஒருவர் போனில் செய்தி பார்த்தார். பக்கத்திலிருந்த மீனவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, அந்த நீர்மூழ்கி என்ரது."

"என்னடாப்பா கதைக்கிறாய்? திருமலைக் கடலில மர்ம நீர்மூழ்கியெண்டு டிவிக்காரங்கள் நேற்றிலயிருந்து கத்துறாங்கள்!"

"அது கறுப்புப் பீப்பா. கணவாய் மீன் வந்து அடையட்டுமெண்டு கடலுக்கடியில மரக்கொப்பு கட்டி இறக்கினனான், அந்த இடத்துக்கு அடையாளமா மிதக்க விட்டது. கிட்டப் போய்ப் பாக்காமல், கரையில நிண்டு படமெடுத்துப்போட்டு, சண்டை வரப்போகுதாம். விசரங்கள்!"

"அப்ப உண்மையைச் சொல்லன்."

"ஏலாது! சொன்னால் எல்லா வள்ளமும் அங்கதான் நிக்கும். இப்ப பயத்தில ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்கு வள்ளம் நிறையக் கணவாய்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இறங்குமுன் மீனவர் கேட்டார்:

"அண்ணை, அந்த டிவிக்காரன்ர நம்பர் இருக்கோ? சாம்பல்தீவுப் பக்கமும் எனக்கொரு பீப்பா மிதக்குது."